வெள்ளைக்கல் மேட்டில் ஏழாம் பாத்தி

போன மாதம் என் பழைய ஆய்வகத்திலிருந்து இரண்டு பெண்கள் இராசிபுரத்துக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடங்கள்தான் இருக்கும். புதிதாக வந்திருக்கும் ஒரு கருவியை எனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை அவர்களுக்கு. டார்ச் லைட் அளவுதான் இருந்தது. வாசலில் செம்பருத்திச் செடிக்கு அடியில் மண்ணில் வைத்து அழுத்தினார்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அதில் எண்கள் ஓடி முடிந்துவிட்டன.

அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், கருவி நம்பவே முடியாத மாதிரி ஒரு நம்பர் காட்டுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவர்கள் கிளம்பும்வரை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நம்ப முடியாத ஒன்றைக் கண்ணால் பார்த்து, நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளி இறுதி முடித்து, ஒரு வருடம் பயிற்சி எடுத்து, எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் மண் பரிசோதனை ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குடுவை கழுவினேன், அமிலம் தெறித்துச் சேலையில் ஓட்டை விழுந்தது, மறுபடி குடுவை கழுவினேன்.

எனக்கு மேலதிகாரி நடேசன் சார். மண் வேதியியல் படித்தவர். நாற்பது வயதிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஆய்வகத்தைக் கூட்டுகிறவரிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் ஒரே மரியாதை. 'ங்க' போடாமல் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய ஆய்வகத்தில் அழிப்பான் கிடையாது. எண் தப்பாகிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அடித்த எண் எப்போதும் படிக்கத் தெரிய வேண்டும். சாயங்காலம் நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களைப் பார்த்து, "இன்னைக்குக் கண்ணு என்ன சொல்லுச்சுங்க?" என்று கேட்பார். நிறம், வாசனை, குடுவையில் மண் படிந்த விதம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அன்று அவருக்கு முகம் வாடிவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த ஊர் மண் வந்தாலும் ஒரு சிறு கட்டியை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவார். கட்டி கரைந்து மாவாகப் போகிறதா, தண்ணீர் குடித்தும் கட்டியாகவே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இலை தழை மக்கிச் சேர்ந்த மண்தான் கரையாமல் நிற்கும். அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தால்கூட எடுக்கமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்கல் மேடு எங்களிடம் வந்தது.

சேலத்துக்கு வடக்கே பூமிக்கடியில் வெள்ளைக்கல் கிடைக்கும். சூளைகளுக்கு உள்பூச்சுக் கல் செய்ய அது வேண்டும். கல்லை எடுத்துவிட்டு, வேண்டாத உடைசலையும் தூளையும் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கொட்டுவார்கள். அப்படிக் கொட்டிக் கொட்டி நான்கு பனை உயரத்துக்கு ஒரு மேடு எழும்பியிருந்தது. அந்தப் பக்கத்துச் சுரங்கத்தில் கல் தீர்ந்து வேலை நின்றுவிட்டது. மேட்டில் மரம் வைத்துக் காடாக்க வேண்டும் என்று மேலே முடிவானது. அந்த மண்ணைச் சோதித்து வழி சொல்வது எங்கள் பொறுப்பு.

முதல் நாள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பத்து மணி வெயிலில் மேடு முழுவதும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எரிந்தது. ஒரு புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை. அடிவாரத்தில் இருபது முப்பது வீடுகள். ஓட்டுக் கூரைகள்மேல் வெள்ளைத்தூள் படிந்திருந்தது. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் கிணற்றில் இறங்கிப் பால்போல ஆகிவிடுமாம்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அந்த ஊர்ப் பெண்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். அவர்களில் பாவாயி என்பவரும் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சுரங்கம் ஓடிய காலத்தில் அதில் கல் உடைத்தவர். அவருடைய மாமனாரின் மானாவாரி நிலத்தின்மேல்தான் மேட்டின் ஒரு பாதி நின்றது. முதல் நாளே என்னிடம் காலால் தட்டிக் காட்டினார். "இதுக்கடியில எங்க சோளக்காடு இருக்குதுங்க அம்மிணி."

இரண்டு வருடம் நட்டோம். இரண்டு வருடமும் எல்லாம் செத்துப்போனது. வேம்பு, புங்கன், வாகை என்று எதை வைத்தாலும் ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகும், அடுத்த மாதம் குச்சியாகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி கருகி மொட்டையாக இருக்கும். நடேசன் சார் காரணத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்கல்லில் உள்ள மக்னீசியம் அந்த மண் முழுக்க நிறைந்திருந்தது. வேருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அது உள்ளே விடவில்லை. இலை தழை மக்கிய சத்து என்பது அறவே இல்லை. டம்ளரில் போட்ட கட்டி நொடியில் கரைந்து தண்ணீரைப் பாலாக்கியது.

மூன்றாம் வருடம் மேட்டின் தலையில் பன்னிரண்டு பாத்திகள் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சமும் ஏரி வண்டலும் வெவ்வேறு அளவில் கலந்தோம். கன்று நட்டோம். கோடையில் அவையும் காய்ந்தன. ஆனி மாதம் பன்னிரண்டு பாத்தியிலும் மண் எடுத்துச் சோதித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே முடிவு செய்வார்கள். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

மண் எடுப்பது சும்மா அள்ளி வருகிற வேலை இல்லை. மேலே கிடக்கும் சருகு குப்பையைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்துபோலக் குழி வெட்ட வேண்டும். குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல். ஒரு பாத்திக்குள் வளைந்து வளைந்து நடந்து இப்படிப் பத்து இடத்தில் எடுக்க வேண்டும். துணியில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, கடைசியில் ஒரு சிறு பை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டிச் சலிக்க வேண்டும். பன்னிரண்டு பாத்தியிலும் எடுத்து முடிக்கவே ஒரு நாள் முழுவதும் ஆனது.

மக்கின சத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஒரு சிட்டிகை மண்ணோடு ஆரஞ்சு நிறக் கரைசலைச் சேர்த்து, அதில் அடர் கந்தக அமிலம் ஊற்றினால் குடுவை தானாகச் சுடும். அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். மண்ணில் உயிர் வாழ்ந்த தடம் இருந்தால் ஆரஞ்சு மெல்லப் பச்சையாகும். இல்லாவிட்டால் ஆரஞ்சாகவே இருக்கும். அதன்பிறகுதான் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணைக் கணக்கிடுவது.

சோதனை செய்த அன்று நடேசன் சார் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அறிக்கை மாலைத் தபாலில் போக வேண்டும். நான் பன்னிரண்டு குடுவைகளை வரிசையாக வைத்தேன். அரை மணி கழித்து வந்து பார்த்தேன். பதினொன்று ஆரஞ்சு. ஏழாவது பச்சை.

அந்த மேட்டில் அது நடக்கவே முடியாது. வடிதாள் துண்டு விழுந்திருக்கும், சுத்தியிலிருந்து மரத்தூள் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு தொகுதிச் சோதனையைக் கெடுத்து, மறுபடி செய்ததில் ஒரு நாள் போயிருந்தது. இப்போது மறுபடி செய்ய அமிலப் புட்டியில் அடிமட்டம்தான் மிச்சம். மறுபடி செய்திருக்கலாம், ஒரு குடுவைக்குப் போதும். உண்மையைச் சொன்னால், மறுபடியும் பச்சையானால் என்ன செய்வது என்று பயந்தேன். குடுவையைக் கொட்டிக் கழுவினேன். ஆறாம் பாத்திக்கு வந்த எண்ணையே ஏழுக்கும் எழுதினேன். 'எந்தப் பாத்தியிலும் மாற்றம் இல்லை' என்று அறிக்கை போனது. மறுநாள் சார் வழக்கம்போலக் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க சார்" என்றேன். அவர் முகம் வாடியது.

புரட்டாசியில் பாவாயி ஆய்வகத்துக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். சார் அறையில் இருந்தார். பாவாயி அங்கே போகாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"அம்மிணி, மேட்டுல இனி செடி வெக்கிறது இல்லையாமா. கெழக்கால புதுக்குழி வெட்டறாங்களாம். அந்தத் தூளையும் கொண்டாந்து எங்க மேட்டு மேலயே கொட்டறதாமா. ஊரு பூராத்தையும் தைக்குள்ள காலி பண்ணச் சொல்லீட்டாங்க."

"யாருங்க்கா சொன்னது?"

"ஆபீசுல இருந்து கடுதாசி கொண்டாந்து படிச்சுக் காட்டுனாங்க. நீங்க குடுத்த ரிப்போட்டுல ஒண்ணுமே மாறலைன்னு இருக்குதாமா. நெசமாலுமே ஒண்ணும் இல்லைங்களா?"

அவர் இன்னும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒரு தப்புப் பண்ணீட்டனுங்க. மேய்ச்சலுக்கு மேட்டுல ஏறக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க இல்லைங்களா? தை மாசத்துல இருந்து சாயங்காலம் வாச்மேன் போனதுக்கப்புறம் எங்க ஆட்டை ஓட்டிப்போயி ராத்திரிக்கு மேல அடைச்சுப் பட்டி போட்டனுங்க. எங்க காட்டுல அப்பிடித்தான பண்ணுவோம், பட்டி போட்டா நெலம் தெளியுமுன்னு. நீங்க மண்ணெடுக்க வர்றதுக்கு முந்துன நாளு புளுக்கையெல்லாம் கூட்டி அள்ளிப்போட்டேன். வேலை போயிருமுன்னு பயமுங்க. ஆடியில மழை வந்ததும் ரெண்டு கை கொளுஞ்சி வெதையத் தூவுனேன், தழையெருவுக்குப் போடற செடிங்க. இப்ப முழங்கால் ஒசரம் நிக்குதுங்க, பூவோட."

"எந்தப் பாத்தியிலக்கா?"

"ஏளாவதுங்க."

நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. நாற்காலி பின்னால் விழுந்தது. பாவாயியை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நடேசன் சார் அறைக்குள் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், ஆனி மாசத்துல ஏழாவது குடுவை பச்சையாச்சுங்க" என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார். ஏழாம் பாத்தியின் எண்மேல் கோடு இழுத்தேன்.

"பக்கத்துல என்ன எழுதட்டுங்க சார்? எண் என்கிட்ட இல்லையே. கொட்டிட்டேன்."

"கண்ணு பார்த்ததை எழுதுங்க."

'பச்சை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்தார். "இருபது ஊட்டுச் சனம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். முப்பது வருட வேலையில் நான் வாங்கிய தண்டனைகளில் அந்தப் பாதி வாக்கியத்துக்கு இணையானது வேறில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் மேட்டில் ஏறினோம். வெள்ளைப் பரப்பின் நடுவே ஒரே ஒரு பாத்தி மட்டும் பச்சையாக இருந்தது. ஊதாப் பூ. அதன்மேல் வண்ணத்துப்பூச்சி. அந்த மேட்டில் மூன்று வருடத்தில் நான் பார்த்த முதல் பூச்சி அதுதான்.

"கொளுஞ்சிய ஆடு கடிக்காதுங்க. அதனாலதான் தப்பிச்சு நிக்குது" என்றார் பாவாயி.

சார் மண்டியிட்டு ஒரு செடியைச் சுற்றிலும் கையாலேயே தோண்டினார். வேரோடு தூக்கினார். வேர் நுனி வெள்ளையாக, உயிரோடு இருந்தது. வேர் நெடுகக் கடுகு அளவில் முடிச்சுகள். அதில் ஒன்றைப் பிய்த்து நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"பாருங்க" என்றார். காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற நுண்ணுயிர் அந்த முடிச்சில் குடியிருக்கும். அது உயிரோடு வேலை செய்தால்தான் அந்தச் சிவப்பு வரும். செத்த கல்தூள் என்று நாங்கள் எழுதி அனுப்பிய இடத்தில் அது வேலை செய்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல். பாவாயி அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரத்தமாட்ட இருக்குதுங்க" என்றார்.

பிடுங்கிய குழியின் ஓரத்தில், மேலிருந்து ஒரு விரல் ஆழத்துக்கு மண் பழுப்பேறியிருந்தது. அதற்குக் கீழே பழைய வெள்ளை. அந்த ஒரு விரல் பழுப்பைப் பார்த்தபடி நான் அழுதேன். வெட்கத்தினாலா, வேறெதனாலா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சார் அன்றே மேலே எழுதினார். 'என் ஆய்வகத்தில் நேர்ந்த பிழையால் அறிக்கை தவறாகிவிட்டது. நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறேன்' என்பதுதான் அதன் சாரம். என் பெயர் அதில் இல்லை. நானாகத் தனியே எழுதிக் கொடுத்தேன். என் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அவருக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வு அந்த வருடம் இன்னொருவருக்குப் போனது. அதை அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து நாளில் ஒரு பெரிய அதிகாரி வந்தார். கோபத்தோடுதான் வந்தார். பாத்தியைச் சுற்றி நடந்துவிட்டு, "இது ஆட்டு எருவுல மொளச்ச களை. இதை மண்ணுன்னு சொல்றீங்களா?" என்றார்.

சார் ஜீப்பிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவரச் சொன்னார். பாவாயியின் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஆறாம் பாத்தியிலிருந்து ஒரு கட்டி, ஏழாம் பாத்தியிலிருந்து ஒரு கட்டி. ஆறாவது, போட்டதும் கரைந்து பாலானது. ஏழாவது அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றிரண்டு குமிழ் விட்டது. உருக்குலையாமல் அப்படியே நின்றது. வெயிலில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

"ஆட்டை யார் விட்டது?"

பாவாயி முன்னால் வந்தார். "நாந்தானுங்க சாமி."

"எத்தனை ஆடு?"

"பதினேளுங்க."

அவர் மேட்டின் நீளத்தை ஒரு முறை பார்த்தார். "இவ்வளவு பெரிய மேட்டுக்குப் பதினேழு எப்படிப் பத்தும்?" என்றார்.

ஒரு மழைக்காலம் அவகாசம் கிடைத்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆடு கொண்டுவந்து, வாச்மேன் முன்னிலையிலேயே பட்டி போட்டோம். ஜிப்சம், வண்டல், பட்டி, பிறகு கொழுஞ்சி. கொழுஞ்சியை மடக்கி மிதித்துவிட்டு அதன் நடுவே வெள்வேலமும் வேம்பும் புங்கனும் நட்டோம். அந்த அவகாசம் இன்னொரு வருடமாக நீண்டது, பிறகு யாரும் அவகாசம் என்று பேசுவதையே விட்டுவிட்டார்கள். புதுக்குழியின் தூளைத் தெற்கே வேறிடத்தில் கொட்டினார்கள். ஊர் காலியாகவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். வடக்குச் சரிவு ஒரு மழையில் பெயர்ந்து இருநூறு கன்றுகளோடு கீழே வந்தது. ஒரு கோடையில் தீப்பிடித்தது. ஆனால் எரிந்த இடத்திலேயே கொழுஞ்சி முதலில் வந்தது. எண்பதுகள் பிறந்தபோது மேட்டில் கறையான் புற்று எழும்பியது. சார் அதைப் பார்க்கத் தன் மனைவியையே கூட்டிவந்தார். பிறகு மண்புழு. பிறகு கௌதாரி. நாங்கள் நடாத மரங்கள், ஆலும் அரசும், பறவை போட்ட விதையில் தாமாக வந்தன. சார் ஓய்வு பெற்றுப் போனார். என்னை அந்த மேட்டுக்குப் பொறுப்பாக்கினார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகையில், மண் எவ்வளவு ஆழத்துக்கு உருவாகியிருக்கிறது என்று அளக்க ஒரு பெரிய குழி வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பாவாயி அப்போது காட்டுக் காவலுக்கு நிரந்தர ஆளாக இருந்தார். இருவரும் வேம்பு நிழலில் குழிக்குள் இறங்கினோம். சுவரில் டேப்பைப் பிடித்தேன். மேலே சருகு, அதன்கீழ் கருமை, அதன்கீழ் பழுப்பு. வேர்கள் நூல் நூலாக வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. கருமை ஒரு சாணுக்குக் குறையாமல் இருந்தது. எத்தனையோ தலைமுறைகள் ஆனால்தான் ஓர் அங்குலம் மண் உண்டாகும் என்று நான் படித்திருந்தேன். டேப்பை மறுபடி வைத்து அளந்தேன்.

பாவாயி அந்தக் கருமையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் அவர் விரலில் ஒட்டியது.

"இதுக்கு என்ன வயசு இருக்குமுங்க அம்மிணி?"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். "பத்துப் பன்னெண்டு இருக்குங்க்கா. உங்க கடைசிப் பொண்ணைவிடச் சின்னது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது. காலுக்குக் கீழே இருக்கும் மண் எப்போதும் நமக்கு மூத்தது என்றுதான் யாரும் நினைப்போம். அங்கே நாங்கள் இரண்டு பேரும் அதற்கு மூத்தவர்களாக நின்றுகொண்டிருந்தோம்.

பாவாயி குழியிலிருந்து ஏறினார். விளிம்பில் நின்று எனக்குக் கை கொடுத்தார். நான் காலை ஊன்றப்போன இடத்தைப் பார்த்துச் சட்டென்று பிடித்து நிறுத்தினார்.

"ஓரமா வாங்க அம்மிணி. கொழந்தைங்க அது. பாத்து மிதிங்க."